எட்டு வருடம் காத்திருந்த பிறந்தநாள்

மொரார்ஜி தேசாய் பிறந்தது 1896 பிப்ரவரி 29. நாலு வயதில் வந்திருக்க வேண்டிய பிறந்தநாள் வரவில்லை. 1900-ல் பிப்ரவரி 28 முடிந்ததும் மார்ச் 1 பிறந்துவிட்டது. எட்டு வயது நிறைந்த 1904-ல்தான் அந்தத் தேதி முதன்முறையாகத் திரும்பி வந்தது. அதே நாளில் மதுரையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பிற்காலத்தில் கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல்தான் அந்தக் குழந்தை.

1977-ல் பிரதமரான மொரார்ஜி, ஜனாதிபதி வேட்பாளராக நிற்கச் சொல்லி ருக்மிணி தேவியைக் கேட்டார். அவர் மறுத்துவிட்டார். சம்மதித்திருந்தால் நாட்டின் இரு உயர்ந்த நாற்காலிகளிலும் பிப்ரவரி 29-காரர்களே அமர்ந்திருக்கக்கூடும்!

நாலால் வகுபட்டால் லீப் வருடம் என்றுதானே பள்ளிக்கூடத்தில் படித்தோம், 1900-க்கு மட்டும் என்ன கேடு? ஒரு வருடம் என்பது ஏறக்குறைய 365 நாள், 5 மணி, 48 நிமிடம், 45 விநாடி. ஜூலியஸ் சீசர் காலத்து காலண்டர் அதை 365¼ நாள் என்று வைத்துக்கொண்டது. வருடத்துக்கு 11 நிமிடச் சொச்சம் கூடுதல். அற்பம்தான், ஆனால் 128 வருடத்தில் அது ஒரு முழு நாளாகிவிடும். மார்ச் 21-ல் இருக்க வேண்டிய சம இரவு நாள் 16ஆம் நூற்றாண்டில் மார்ச் 11-க்கு வந்து, ஈஸ்டர் கணக்கையே குழப்பியது. போப் 13ஆம் கிரிகோரி, 1582 அக்டோபர் 4-க்கு மறுநாள் 15 என்று அறிவித்தார். இனி நூற்றாண்டு வருடங்கள் 400-ஆல் வகுபட்டால்தான் லீப் என்றும் விதித்தார். அதனால் 2000 தப்பியது, 2100 தப்பாது.

ஸ்வீடன் அடித்த கூத்து தனி. லீப் நாள்களை 40 வருடம் ஒவ்வொன்றாக விட்டுவிட்டு, மெல்லப் புதிய காலண்டருக்கு மாறலாம் என்று திட்டம் போட்டார்கள். 1700-ல் விட்டார்கள். போர் நடந்த 1704-லும் 1708-லும் விடவில்லை. அக்கம்பக்கத்து நாடுகள் எதனோடும் தேதி ஒத்துப்போகாமல், பழைய காலண்டருக்கே திரும்ப 1712-ல் ஒரு நாளைக் கூட்டினார்கள். அந்த வருடம் அங்கே பிப்ரவரி 30 இருந்தது.

நம் கம்ப்யூட்டரிலும் இப்படி ஒரு இல்லாத தேதி உண்டு. 1900-ஐ லீப் வருடமாக எண்ணியது லோட்டஸ் 1-2-3 மென்பொருள். அதனோடு ஒத்துப்போவதற்காக எக்செல்லும் அந்தத் தப்பை அப்படியே வைத்துக்கொண்டது. சந்தேகம் இருந்தால், விண்டோஸ் எக்செல்லில் ஒரு கட்டத்தில் 60 என்று அடித்து அதைத் தேதியாக மாற்றிப் பாருங்கள். 1900 பிப்ரவரி 29 என்று காட்டும்.