உறங்கிய மோட்டாரை எழுப்புதல்

ஈப்போவைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்கள் பல இன்று செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. ஆயினும் ஏதோ ஒரு கொட்டகையில், தார்ப்பாய்க்கடியில், பழைய மோரிஸ் மைனர் ஒன்று உறங்கிக் கொண்டிருக்கலாம். 1948-இல் இங்கிலாந்தில் வெளிவந்து, பத்து லட்சத்துக்கு மேல் தயாரான முதல் பிரிட்டிஷ் கார் அது. தாத்தாவின் வண்டியாயிற்றே என்று பிள்ளைகள் புது பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்ப அவசரப்படுவார்கள். அங்கேதான் தவறு நேர்கிறது.

காரணம் என்ன? நெடுநாள் நின்ற என்ஜினில் சிலிண்டர் சுவரிலிருந்த எண்ணெய் கீழே வடிந்துவிடும். நம் நாட்டு ஈரக்காற்றில் துரு ஏறி, பிஸ்டன் வளையங்கள் ஒட்டிக்கொள்ளும். அந்நிலையில் விசையோடு சுழற்றினால் வளையம் உடையும், சுவர் கீறிப்போகும்.

ஆகவே முதலில் பேட்டரியைக் கழற்றிவிட்டு, நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் எடுத்து, ஒவ்வொரு துளையிலும் ஒரு தேக்கரண்டி என்ஜின் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். மறுநாள் கியரை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக்கை இழுத்து, முன்புறக் கைப்பிடியால் மெல்லச் சுற்றுங்கள். சுற்ற மறுத்தால் பலவந்தம் வேண்டாம். மேலும் சில நாள் ஊறட்டும்.

அடுத்து, பழைய பெட்ரோல். அது பிசினாகிக் கார்புரேட்டரை அடைத்துவிடும். அதை வெட்டவெளியில் உலோகத் தகரத்தில் வடித்தெடுங்கள். அருகில் சிகரெட்டோ, கொசுவர்த்தியோ, விளக்கோ கூடாது. பெட்ரோல் குழாய்களையும் பாருங்கள். ரப்பர் மூப்படைந்தால் வெடிக்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெடித்த குழாய் ஒழுகினால் தீப்பிடிக்கலாம். எலிக்கூடு இருந்தால் அகற்றி, என்ஜின் எண்ணெயை மாற்றி, ரேடியேட்டரில் தண்ணீர் நிரப்புங்கள்.

பேட்டரி மாட்டும்போது ஒரு சங்கதி. மோரிஸ் மைனரில் வண்டியின் உடலோடு சேர்வது பாசிட்டிவ் முனை. யாராவது இடையில் மாற்றியிருக்கலாம், பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

பிளக்குகளை மாட்டிப் புதுப் பெட்ரோல் ஊற்றியபின், வெளியே நிறுத்தி, தீயணைப்பான் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கிளப்புங்கள். சில விநாடிகளில் எண்ணெய் விளக்கு அணையவில்லையானால் உடனே நிறுத்திவிடுங்கள். மூடிய கொட்டகைக்குள் கிளப்பவே கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. தூக்கம் வருவதுபோல் வந்து உயிரைக் கொண்டு போய்விடும்.

என்ஜின் பாடத் தொடங்கிவிட்டது என்று உடனே சாலைக்குப் போய்விடாதீர்கள். பிரேக்கையும் டயரையும் பட்டறையில் காட்டிய பிறகே புறப்படுங்கள். ஓடும் வண்டியைவிட நிற்கும் வண்டியே முக்கியம்.