அலுவலகத்துக்குச் செல்லும் வழி

அரசாங்க ஊழியரின் கடமை, காலையில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடும்போது தொடங்கி, மாலையில் கோப்புகளை மூடி வைக்கும்போது முடிந்துவிடுகிறது என்று நாம் பொதுவாகக் கருதுகிறோம். ஆனால், அவர் வீட்டிலிருந்து எவ்வகை வாகனத்தில் புறப்படுகிறார், வழியில் சாலையை எவ்வாறு கடக்கிறார், பயன்படுத்திய தாளையும் தேநீர்க் கிண்ணத்தையும் எங்கே போடுகிறார் என்னும் மூன்று செய்திகளும் அவர் வாழும் நகரத்தின் நலத்தோடு பிணைந்தவை. இவற்றைத் தனித்தனியே பேசுவது வழக்கம். மூன்றும் ஒரே கடமையின் பகுதிகளே என்பதை உணர விரும்புவோர் திருவனந்தபுரத்தில் பழவங்காடிக்குச் சென்று சிறிது நேரம் நின்று பார்த்தால் போதும்.

பழவங்காடி என்றவுடன் நினைவுக்கு வருவது அங்குள்ள கணபதி கோயிலும், அதன் முன்னே இடைவிடாமல் உடைபடும் தேங்காய்களின் ஓசையும் ஆகும். திருவிதாங்கூர்ப் படையினர் போற்றி வந்த அக்கோயிலை இன்று இந்திய ராணுவம் பராமரித்து வருகிறது. அருகே கிழக்கே கோட்டை வாயில். அதற்கு அப்பால் பத்மநாப சுவாமி கோயில். மற்றொரு புறம், தமிழ் வணிகர் பலர் தலைமுறை தலைமுறையாகக் கடை வைத்திருக்கும் சாலைக் கடைத்தெரு. நகரப் பேருந்துகள் பல இங்கிருந்தே புறப்படுகின்றன. வடக்கு நோக்கி மகாத்மா காந்தி சாலையில் நடந்தால், ரயில் பாதைக்கு மேலே செல்லும் ஓவர்பிரிட்ஜ், ஆயுர்வேதக் கல்லூரி, புளிமூடு ஆகிய இடங்களைத் தாண்டி, ஸ்டாச்சு சந்திப்பில் தலைமைச் செயலகத்தை அடையலாம். தொலைவு இரண்டு கிலோமீட்டருக்கு உட்பட்டதே. வேகமாக நடப்பவருக்கு இருபது, இருபத்தைந்து நிமிடத்து வழி. ஆயினும் அலுவலக நேரத்தில் அவ்வழியே செல்வோரில் மிகப் பலர் ஏதேனும் ஒரு வாகனத்தின் மீதுதான் இருக்கின்றனர்.

முதலில் வாகனத்தை எடுத்துக்கொள்வோம். நாற்பது பேர் ஒரே பேருந்தில் செல்கின்றனர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பேருந்து சாலையில் பிடிக்கும் இடம் ஏறத்தாழப் பன்னிரண்டு மீட்டர் நீளமே. அதே நாற்பது பேரும் ஆளுக்கு ஒரு காரில் சென்றால், காருக்கு நான்கு மீட்டர் என்று கணக்கிட்டாலும் 160 மீட்டர் ஆகிறது. இடைவெளியையும் சேர்த்தால் வரிசை இன்னும் நீளும். அலுவலகத்தை அடைந்த பின்னர் நாற்பது கார்களும் நாள் முழுவதும் நிற்க இடம் வேண்டும். அவ்விடம் பெரும்பாலும் நடைபாதையிலிருந்தே பறிக்கப்படுகிறது. நடைபாதையை இழந்த மனிதர் வண்டிகளுக்கு நடுவே இறங்கி நடக்கிறார். நம்முடைய வசதியான பயணம் பிறருடைய ஆபத்தான நடையாக மாறுவது இவ்வாறுதான்.

பேருந்து இந்நகரத்துக்குப் புதியதன்று. திருவிதாங்கூர் அரசாங்கம் 1938-ஆம் ஆண்டு பிப்ரவரியிலேயே அரசுப் பேருந்துகளைத் தொடங்கியது. லண்டன் போக்குவரத்து நிறுவனத்தில் அனுபவம் பெற்ற சால்டர் என்பவர் அதற்காக வரவழைக்கப்பட்டார். அத்துறையே 1965-இல் கேரள மாநிலச் சாலைப் போக்குவரத்துக் கழகமாயிற்று. 2021-இல் அந்நிறுவனத்தின் சார்பில் நகரச் சுற்றுப் பேருந்துகள் அறிமுகமாயின. ஒவ்வொரு வழிக்கும் ஒரு நிறம் குறிக்கப்பட்டது. 2022-இல் அவ்வழிகளில் மின்சாரப் பேருந்துகளும் ஓடத் தொடங்கின. மின்சார வண்டி தெருவில் புகை விடுவதில்லை. அதற்குரிய மின்சாரம் நிலக்கரியிலிருந்து வருமானால் வேறோர் ஊரில் புகை எழத்தான் செய்கிறது. எனினும், அச்செலவை ஒருவரே ஏற்காமல் பலர் பங்கிட்டுக்கொள்கின்றனர் என்பதே பொது வாகனத்தின் தனிச் சிறப்பு.

திருவனந்தபுரத்தில் பணியாற்றும் தமிழர்களுக்கு மற்றொரு வசதியும் உண்டு. 1979-இல் கன்னியாகுமரிக்கு ரயில் பாதை திறக்கப்பட்ட பின்னர், சுமார் 70 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நாகர்கோவிலிலிருந்தும் வழியிலுள்ள ஊர்களிலிருந்தும் சீசன் டிக்கெட்டில் நாள்தோறும் வந்து திரும்புவது இயல்வதாயிற்று. தம்பானூர் நிலையத்தில் இறங்குவோர்க்குப் பழவங்காடியும் தலைமைச் செயலகமும் நடை தூரமே. டில்லியிலுள்ள நம்மவர்க்கு 2005-இல் மத்தியச் செயலகம் வரை வந்த மெட்ரோ இத்தகைய வசதியை அளித்தது.

வண்டியை முற்றிலும் துறந்துவிடுங்கள் என்று யாரும் கேட்கவில்லை. முதியோரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டியவரும், இரவில் வீடு திரும்ப வேண்டியவரும் தத்தம் தேவைக்கேற்ப நடந்துகொள்ளலாம். ஆனால், ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுதல் எல்லாருக்கும் இயலும். பெங்களூர் மாநகரப் போக்குவரத்துக் கழகம் 2010 பிப்ரவரியில், மாதந்தோறும் 4-ஆம் தேதியைப் பேருந்து நாளாக அறிவித்தது. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஊழியர்கள் 2022-இல், புதன்கிழமைதோறும் சொந்த வாகனத்தை விட்டுவிட்டு அலுவலகம் வரும் வழக்கத்தை மேற்கொண்டனர். வாரத்தில் ஐந்து வேலை நாளில் ஒரு நாள் என்றால் ஐந்தில் ஒரு பங்கு எரிபொருள் மீதமாகிறது. அதைவிடப் பெரிய பயன் ஒன்று உண்டு. மேலதிகாரி ஒரு நாள் பேருந்து நிறுத்தத்தில் வெயிலில் நின்றாரானால், அங்கு நிழற்குடை இல்லாத குறை அவருடைய கோப்புக்கு எளிதில் வந்து சேரும்.

பேருந்திலிருந்து இறங்கிய கணத்தில் ஒவ்வொருவரும் பாதசாரியாகின்றனர். மலையாளத்தில் பாதசாரியைக் கால்நடை யாத்திரிகர் என்று வழங்குகின்றனர். தமிழில் கால்நடை என்றால் ஆடு மாடுகளே முதலில் நினைவுக்கு வரும். சொல் வேறுபாடு நகைப்புக்குரியது. ஆனால், நம் சாலைகள் மனிதரை நடத்தும் முறையைப் பார்த்தால் இரண்டு பொருளும் ஒன்றாகிவிட்டனவோ என்று ஐயுற வேண்டியிருக்கிறது. 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் சாலை விபத்துகளில் உயிரிழந்தோர் 1,68,491 பேர் என்று மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. அவர்களுள் 32,825 பேர் பாதசாரிகள். இறந்தவர் ஐவரில் ஏறத்தாழ ஒருவர், எந்த வண்டியிலும் ஏறாமல் நடந்து சென்றவர்.

இதில் வேகத்தின் பங்கு என்ன என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பது நலம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடும். குறுக்கே வருபவரைக் கண்டு, ஓட்டுபவர் பிரேக்கில் கால் வைப்பதற்கே ஒரு விநாடி ஆகும். அதாவது வேகம் குறையத் தொடங்கும் முன்னரே வண்டி 17 மீட்டர் வந்துவிட்டது. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகமானால் அத்தொலைவு எட்டு மீட்டர் சொச்சமே. மோதினாலும் அடியின் கடுமை வேகத்தைப் போல் இரு மடங்காக அல்லாமல் நான்கு மடங்காக ஏறுகிறது. கையெழுத்துக்கு ஐந்து நிமிடம் தாமதமாகும் என்ற பதற்றத்தில் முறுக்கப்படும் மோட்டார் சைக்கிள், யாரோ ஒருவருடைய உயிரோடு பேரம் பேசுகிறது.

கிழக்கே கோட்டையில் 2022 ஆகஸ்டில், 104 மீட்டர் நீளமுள்ள நடைமேம்பாலம் திறக்கப்பட்டது. படியேற இயலாதவர்க்கு மின்தூக்கி வசதியும் செய்யப்பட்டது. பேருந்துகள் நாற்புறமும் திரும்பும் அத்தகைய சந்திப்பில் மேம்பாலத்தைப் பயன்படுத்துவதே அறிவுடைமை. எனினும் ஊரெங்கும் பாலம் கட்ட முடியாது. மற்ற இடங்களில் சாலையில் தீட்டப்பட்ட வெள்ளைக் கோடுகளே பாதசாரியின் பாலம். அக்கோட்டில் ஒருவர் கால் வைத்தால் வண்டி நின்று வழிவிட வேண்டும் என்பது சட்டம். பாதசாரியின் நன்றியை எதிர்பார்த்துச் செய்யும் உபகாரம் அன்று.

இத்துறையில் தமிழர் ஒருவரின் முயற்சி நாம் நினைவில் கொள்ளத்தக்கது. கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு முறிவு அறுவை மருத்துவர் ராஜசேகரன், சாலை விபத்துகளைக் குறைக்க வேண்டி 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல மனுத் தாக்கல் செய்தார். அதன் பயனாக 2014-இல், கேரளத்தைச் சேர்ந்த நீதிபதி கே. எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு அமைந்தது. அவ்வழக்கிலேயே 2025 மே 14-ஆம் நாள், தடையற்ற நடைபாதை பெறும் உரிமை அரசியலமைப்பின் 21-ஆம் விதி உறுதிசெய்யும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று நீதிமன்றம் தெரிவித்தது. ஆகவே அலுவலகச் சுற்றுச்சுவருக்கு வெளியே நடைபாதையின் மேல் வண்டியை நிறுத்துபவர், பிறருடைய வாழ்வுரிமையின் மேல் அதை நிறுத்துகிறார்.

இனி அலுவலகத்துக்குள் வருவோம். நூறு பேர் பணிபுரியும் அலுவலகத்தில் ஒவ்வொருவரும் நாளைக்கு இரு முறை காகிதக் கிண்ணத்தில் தேநீர் அருந்தினால், 250 வேலை நாளில் 50,000 கிண்ணங்கள் குப்பையாகின்றன. பெயர்தான் காகிதக் கிண்ணம்; தேநீர் ஊறாமலிருக்க உட்புறத்தில் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. ஆதலால் அது மண்ணிலும் எளிதில் மட்குவதில்லை. தாளோடு சேர்த்து அரைக்கவும் உதவுவதில்லை. எவர்சில்வர் தம்ளர் ஒன்றைக் கழுவி மேசையறையில் வைத்துக்கொண்டால் இத்தொல்லை முழுவதும் நீங்கும். 2015-இல் கேரளத்தில் தேசிய விளையாட்டுப் போட்டிகள் நடந்தபோது இம்முறை பெரிய அளவில் கையாளப்பட்டது. பசுமை நெறிமுறை என்னும் பெயரில் பின்னர் அது அரசு அலுவலகங்களுக்கும் வந்தது. 2020 ஜனவரி முதல் நாளிலிருந்து, ஒரு முறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு மாநில அரசு தடை விதித்தது.

தாளைப் பற்றியும் ஒரு செய்தி. பழைய தாளைக் கூழாக்கிப் புதுத் தாள் செய்யலாம் என்பதை யாவரும் அறிவோம். ஆனால் எண்ணெயும் குழம்பும் படிந்த தாள் அதற்கு உதவாது. அதனோடு கலந்த நல்ல தாளையும் கெடுத்துவிடும். குப்பையைத் தொடக்கத்திலேயே பிரித்துப் போடுங்கள் என்று வற்புறுத்துவதன் காரணம் இதுதான். உணவு மிச்சம் ஒரு தொட்டிக்கு, உலர்ந்த தாள் மற்றொன்றுக்கு. பழுதான கணிப்பொறி, மின்கலம், பாதரசம் அடங்கிய குழல் விளக்கு ஆகியவை இரண்டிலும் சேராமல் தனியே செல்ல வேண்டும். மின்னணுக் கழிவுகளைப் பதிவுபெற்ற நிறுவனங்களிடமே ஒப்படைக்க வேண்டும் என்னும் விதிகள் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தன. எடைக்கு எடுக்கும் யாரிடமேனும் கொடுத்துவிட்டால், செம்புக்காகக் கம்பியை எரிக்கும் புகை ஏதோ ஓர் ஏழைக் குடியிருப்பில்தான் எழும்.

கேரளத்தில் வீடுகளிலும் நிறுவனங்களிலும் மட்காத குப்பையைப் பெற்றுச் செல்பவர்கள் ஹரித கர்ம சேனையினர். பெரும்பாலும் குடும்பஸ்ரீ இயக்கத்தைச் சேர்ந்த பெண்களாலான அமைப்பு அது. நாம் கழுவி உலர்த்தாமல் கட்டிக் கொடுக்கும் பால் உறையை அவர்களுள் ஒருவர் தம் கையால் பிரிக்க வேண்டியிருக்கிறது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

எண்ணிப் பாராமல் எறிந்த குப்பை எங்கே செல்கிறது என்பதற்கு விடை பழவங்காடிக்கு அருகிலேயே இருக்கிறது. நகரத்தின் நடுவே ஓடும் ஆமயிழஞ்சான் தோடு என்னும் கால்வாய், தம்பானூர் ரயில் நிலையத்துக்கு அடியில் நூறு மீட்டருக்கு மேல் சுரங்கமாகச் செல்கிறது. நாலாபுறத்திலிருந்தும் அடித்து வரப்பட்ட பிளாஸ்டிக்கும் பிற கழிவுகளும் அங்கே மலைபோல் அடைத்துக்கொண்டிருந்தன. 2024 ஜூலை 13-ஆம் நாள், அதைத் துப்புரவு செய்ய இறங்கிய ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் மழை வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டார். தீயணைப்புப் படையினரும் முக்குளிப்போரும் இரண்டு நாள் தேடினர். குப்பை அடர்த்தியால் உள்ளே செல்வதே அரிதாயிற்று. 15-ஆம் நாள் காலை, பழவங்காடியை அடுத்த தகரப்பறம்புப் பகுதியில் அவர் உடல் கண்டெடுக்கப்பட்டது. அந்தச் சுரங்கத்தில் கிடந்த உறைகளில் எது யாருடைய கையிலிருந்து விழுந்தது என்று எந்த விசாரணையும் கண்டறிய முடியாது. அதனாலேயே அது எவருடைய பொறுப்பும் அன்று என்று ஆகிவிடாது. எல்லாருடைய பொறுப்பும் ஆகிறது.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இங்கே ஒரு தனிக் கடமை உண்டு. இது நம் ஊர் அன்று, இரண்டொரு ஆண்டில் மாற்றலாகிப் போய்விடுவோம் என்ற எண்ணம் மனத்தின் ஓரத்தில் இருக்குமானால் கை சற்றே தாராளமாகக் குப்பையை எறியும். அறிவிப்புப் பலகை தெரியாத மொழியில் இருக்கிறது என்று சொல்லித் தப்புவதும் எளிது. எந்தக் கிழமையில் எக்குப்பையைப் பெறுகிறார்கள், எந்த நிறப் பேருந்து எவ்வழி செல்கிறது என்பவற்றை அண்டை வீட்டாரிடம் கேட்டறிந்தால், அம்மொழியிலும் பத்துச் சொற்கள் கூடவே வந்து சேரும்.

ஸ்டாச்சு சந்திப்புக்கு அப்பெயரைத் தந்த சிலை, திவான் மாதவராவுடையது. கும்பகோணத்தில் பிறந்து திருவிதாங்கூருக்கு வந்தவர் அவர். 1869-இல் கட்டி முடிக்கப்பட்ட தலைமைச் செயலகக் கட்டடம் அவர் காலத்தது. வெளியிலிருந்து வந்தவர் ஓர் ஊருக்குப் பெருங்கட்டடத்தை விட்டுச் செல்ல முடிந்திருக்கிறது. நாம் விட்டுச் செல்ல வேண்டியவை அவ்வளவு பெரியவை அல்ல: வண்டி நிற்காத ஒரு நடைபாதை, அடைப்பில்லாத ஒரு கால்வாய், கழுவிக் கவிழ்த்து வைத்த ஒரு தம்ளர்.