மவுத் ஆர்கன் 2-வது ஓட்டை மீது பொய்ப் புகார்!

திண்டுக்கல்லில் மவுத் ஆர்கன் பைத்தியம் பிடித்த வாலிபர்களுக்கு ஒரு செய்தி. உங்கள் ஆர்கனில் 2-வது ஓட்டை "அவுட்" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அது நிரபராதி!

மவுத் ஆர்கன் என்றாலே பலருக்கு 1975-ல் வந்த 'ஷோலே' படம்தான் ஞாபகம். திரையில் வாயில் வைத்திருந்தவர் அமிதாப் பச்சன். நிஜமாக வாசித்தவர் பானு குப்தா. அதைக் கேட்டு ஆசைப்பட்டு, நாலு சினிமாப் பாட்டு வாசிக்கிற அளவுக்கு வந்தவர்கள் நிறைய. அதற்கு அடுத்த படிதான் 'புளூஸ்'. அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை. கேட்டால் மனுஷன் தேம்பி அழுகிற மாதிரி இருக்கும்.

எதை வாங்குவது?

திருவிழாக் கடையில் விற்கும் இரட்டை வரிசை ஆர்கனில் இந்த அழுகை வராது. அதில் ஒவ்வொரு ரீடுக்கும் தனி அறை. புளூசுக்கு 10 ஓட்டை ஆர்கன்தான் வேண்டும். ஜெர்மனியின் ஹோனர் கம்பெனி 1896-ல் கொண்டு வந்த 'மரைன் பேண்ட்' இந்த ரகம். 10 ஓட்டை, 20 ரீடு. ஊத ஒன்று, இழுக்க ஒன்று, இரண்டும் ஒரே அறையில். மூச்சை இழுக்கும்போது நாக்கைப் பின்னால் தள்ளினால் இரண்டு ரீடும் சேர்ந்து வேலை செய்து சுரம் கீழே வழுக்கும். இதுதான் 'பெண்டிங்'.

சங்கராபரணம் ஹரிகாம்போதி ஆகிறது!

இன்னொரு சூட்சுமம். ஒரு கட்டை ஆர்கனை எடுத்து ஐந்து கட்டையில் வாசிக்கிறார்கள். அதாவது பஞ்சமத்தை ஸட்ஜமாக வைத்துக்கொள்வது. நம் வித்வான்கள் கிரக பேதம் என்பார்களே, அதேதான். சங்கராபரணம் ஹரிகாம்போதி ஆகிவிடும். 3-வது ஓட்டையை இழுத்து வளைத்தால் அந்தர காந்தாரம் சாதாரண காந்தாரத்துக்கு இறங்கும். அந்த இறக்கத்தில்தான் புளூசின் உயிர்.

புது ஸட்ஜம் இருப்பது 2-வது ஓட்டையின் இழுப்பில். வாயை இறுக்கி வெடுக்கென்று இழுத்தால் சத்தமே வராது, இல்லையென்றால் அபசுரமாக முனகும். "உடைஞ்சு போச்சு" என்று தூக்கி எறிகிறார்கள். தொண்டையைத் தளர்த்தி, வயிற்றிலிருந்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். பேசும்!

வளைக்கப் பழக 4-வது ஓட்டை சுலபம். இழுத்துக்கொண்டே வாய்க்குள் "ஈ" என்பதை "ஊ" ஆக்குங்கள். ஆர்மோனியத்தில் 2 கட்டை, 1½ கட்டை இரண்டையும் அமுக்கி ஒத்துப் பார்க்கலாம். ஒரே நாளில் வராது. முரட்டுத்தனமாக இழுத்தால் ரீடுதான் கெடும். பித்தளைத் தகடு எவ்வளவு தாங்கும் என்று பூட்டுப் பட்டறைக்காரர்களுக்கா சொல்ல வேண்டும்?

சிகாகோவில் கொலை

இந்தக் கலையை வளர்த்த இருவரின் முடிவு பரிதாபம். சன்னி பாய் வில்லியம்சன் 1948 ஜூன் 1-ந்தேதி, கிளப்பில் வாசித்துவிட்டு வீடு திரும்பும்போது வழிப்பறிக்காரர்களால் கொல்லப்பட்டார். வயது 34. அவர் பெயரை இன்னொரு வித்வான் வைத்துக்கொண்டு புகழ் பெற்றது தனிக் கதை!

மைக்கையும் ஆர்கனையும் ஒரே கைக்குள் பொத்தி வாசித்து 1952-ல் 'ஜூக்' என்ற இசைத்தட்டால் அமெரிக்காவைக் கலக்கியவர் லிட்டில் வால்டர். தெருச் சண்டையில் அடிபட்டு 1968 பிப்ரவரியில் 37 வயதில் இறந்தார்.

நம்ம ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை: பிரியாணி சாப்பிட்ட வாயோடு ஆர்கனைத் தொடாதீர்கள். கொப்பளித்துவிட்டு வாசியுங்கள். ரீடில் பருக்கை ஒட்டினால் 2-வது ஓட்டை நிஜமாகவே "அவுட்"!