மீந்தவை நிறைந்த கூடைகள்

ஐந்து வாற்கோதுமை அப்பங்களைக் கொண்டு ஏறக்குறைய 5,000 ஆடவரை உண்பித்த பின்னர், மீந்த துண்டுகள் வீணாகாதபடி சேர்த்து வைக்குமாறு ஆண்டவர் சீடரைப் பணித்தார். கூடைகள் 12 நிறைந்தன. அருளப்பர் நற்செய்தியின் 6ஆம் அதிகாரத்தை வாசிக்கும்போது நாம் அப்பம் பெருகியதை வியக்கிறோம்; கூடைகளை மறந்துவிடுகிறோம்.

2022ஆம் ஆண்டில் உலகில் வீணான உணவு சுமார் 105 கோடி டன் என ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் அறிக்கை கூறுகிறது. இதில் 60 விழுக்காடு வீணானது கடைகளிலோ உணவகங்களிலோ அன்று, இல்லங்களில்தான்.

நம் பாட்டிமார் இக்கணக்கை அறியார், அடுப்பங்கரையை அறிந்திருந்தனர். இரவில் மீந்த சோற்றில் நீரூற்றி வைத்தால் காலையில் பழையது. மோரும் சின்ன வெங்காயமும் போதும். சோறு மிகுதியாயின் உப்பு, சீரகம், பச்சை மிளகாய் சேர்த்து அரைத்து, துணியில் கிள்ளி வைத்து வெயிலில் நன்கு காய விடுவர். மழைக்காலத்திற்கு வடகம் ஆயிற்று. காலை இட்டலி மாலையில் உப்புமா ஆகும். மீன் குழம்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்: மறுநாள் சுண்டவைத்த சட்டிக்கு வீட்டில் போட்டியே நடக்கும்!

ஆயினும் எச்சரிக்கை தேவை. சமைத்த சோறு வெதுவெதுப்பாகவே நெடுநேரம் கிடந்தால் அதில் ஒருவகைக் கிருமி பெருகும். அது உண்டாக்கும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. ஆகவே சோற்றை விரைவில் ஆறவைத்து நீரூற்றவோ குளிர்பெட்டியில் வைக்கவோ வேண்டும். நூல் விட்ட சோறும், ஊசிய தேங்காய்ச் சட்டினியும் குப்பைக்கே உரியவை. அங்கே சிக்கனம் பாராட்டுவது பேதைமை.

இனி, சற்றுக் கசப்பான கேள்வி. மீந்ததை உண்பவர் யார்? பல குடும்பங்களில் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் புதுச்சோறு. நேற்றையது தாயின் தட்டிற்கு. இதைத் தியாகம் என்று புகழ்ந்துவிட்டு நாம் கை கழுவி எழுந்துவிடுகிறோம். சில வீடுகளிலோ, நாம் முகர்ந்து பார்த்து ஒதுக்கியது வேலைக்கு வரும் பெண்ணின் பாத்திரத்தில் விழுகிறது. உணவை வீசியெறிவது ஏழையின் பந்தியிலிருந்து திருடுவதற்கு ஒப்பாகும் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2013ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் கூறினார். கெட்டதை ஈவதை எதற்கு ஒப்பிடுவது? கொடுப்பதாயின் மீந்த அன்றே, நல்ல நிலையில், நாம் உண்ணும் பாத்திரத்திலிருந்து கொடுப்போம்.

இன்றிரவு மீந்ததை நாளைக் காலையில் தந்தையும் பிள்ளைகளும் தாயும் ஒன்றாய் அமர்ந்து பங்கிட்டு உண்ணட்டும். பழையதன் சுவை அனைவருக்கும் தெரிந்துவிட்டால், உலையில் இடும் அரிசியில் ஓர் ஆழாக்குக் குறைக்கும் யோசனை தந்தையின் வாயிலிருந்தே வரக்கூடும்.