வேலூருக்குப் போகும் வழி

"டாக்டராக வேண்டும்" என்று சொல்லாத மாணவி நம் பத்தாம் வகுப்பில் உண்டோ? ஆனால் அதற்கு வழி என்ன என்று கேட்டால் பலரும் விழிக்கிறோம். கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி என்றதும் நம் பெற்றோர் நினைவுக்கு வருவது வேலூர். அங்கே சேர எப்படி ஆயத்தமாவது என்பதை நான் அறிந்த வரையில் எழுதுகிறேன்.

முதலில் அக்கல்லூரி பிறந்த கதை. 1870-இல் இராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர் அம்மையாரின் தந்தை ஒரு மருத்துவர். அவர்கள் திண்டிவனத்தில் இருந்தபோது, ஒரே இரவில் மூவர் வந்து, பிரசவ வேதனையில் துடிக்கும் தம் மனைவியரைக் காப்பாற்ற ஐடாவை அழைத்தனர். ஐடாவோ அப்போது மருத்துவம் படித்தவரல்லர். ஆண் மருத்துவர் வர அவர்கள் சம்மதிக்கவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தனர். அதன் பின்னரே ஐடா அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்றார். 1900-இல் வேலூரில் ஒரே படுக்கையுடன் பணியைத் தொடங்கினார். 1918-இல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளியை நிறுவினார். 1942-இல் அது எம்.பி.பி.எஸ். கல்லூரியாக உயர்ந்தது. ஆண்கள் சேர்ந்தது 1947-இல்தான்!

இனி ஆயத்தம். மேல்நிலை முதலாம் ஆண்டில் இயற்பியல், வேதியியல், உயிரியல் உள்ள பிரிவை எடுக்க வேண்டும். கணிதமும் சேர்ந்த பிரிவை எடுத்தால் பொறியியலுக்கும் வழி திறந்திருக்கும். சேரும் ஆண்டின் டிசம்பர் 31-க்குள் பதினேழு வயது நிரம்ப வேண்டும். பிறகு நீட் தேர்வு. அதில் 180 வினாக்கள், 720 மதிப்பெண்கள். உயிரியலில் மட்டும் 90 வினாக்கள். சரியான விடைக்கு நான்கு மதிப்பெண்; தவறான விடைக்கு ஒன்று குறையும். ஆகவே குருட்டு மனப்பாடமும் குருட்டு ஊகமும் உதவா. இத்தேர்வைத் தமிழிலும் எழுதலாம் என்பது தமிழ்வழித் தோழியர்க்கு நற்செய்தி.

முன்பு வேலூர்க் கல்லூரி தானே நுழைவுத் தேர்வு வைத்து, மாணவர்களை நேரில் அழைத்துச் சில நாட்கள் சோதித்துத் தேர்ந்தெடுத்தது. நீட் கட்டாயமானபோது, 2017-இல் 100 இடங்களில் 99-ஐ நிரப்பாமல் விட்டது. சிறுபான்மைக் கல்லூரிகளுக்கும் நீட் பொருந்தும் என 2020-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இதில் நமக்கொரு பாடம் உண்டு. நம் மதிப்பெண்ணை நீட் அளக்கும். நம் மனத்தை அளக்க இன்று எவருமில்லை. அச்சோதனையை நாமே நடத்திக்கொள்ள வேண்டும். இரத்தத்தைக் கண்டு ஒதுங்காமல் இருப்போமா? பாட்டிமார் நோவைச் சொல்லும்போது பொறுமையாகக் கேட்போமா? திருச்சபையின் ஆதரவுடன் வேலூரில் சேருவோர், படிப்பு முடிந்ததும் தேவையுள்ள இடத்தில் இரண்டு ஆண்டுகள் பணியாற்ற வேண்டும். பட்டணத்தை விட்டு அப்படிப் போக நமக்குச் சம்மதமா?

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். "பெண்ணுக்கு இத்தனை வருடப் படிப்பா?" என்று தயங்காதீர்கள். திண்டிவனத்தில் அன்று ஒரு பெண் மருத்துவர் இருந்திருந்தால் அம்மூவரும் பிழைத்திருக்கக் கூடும். பெரிய சிகிச்சை என்றால் நம் கரிவலம்வந்தநல்லூர் மக்கள் இன்றும் திருநெல்வேலிக்குப் பஸ் ஏறுகிறார்கள். இடம் வேலூரில் கிடைக்கலாம், வேறெங்கும் கிடைக்கலாம். எங்கு படித்தாலும் நம் ஊர்ப்பக்கம் திரும்பி வரும் மருத்துவர் நம்முள் ஒருத்தியாக இருக்கட்டும்!