ஆறு நாளில் வந்த தூக்கு வாரண்ட்

உத்தரப் பிரதேசத்தின் அம்ரோகா மாவட்டத்தில், 2008 ஏப்ரலில், ஒரே வீட்டில் ஏழு பேர் கொல்லப்பட்டார்கள். அதில் ஒன்று பத்து மாதக் குழந்தை. அந்த வீட்டு மகளுக்கும் அவள் காதலனுக்கும் 2010-ல் செஷன்ஸ் கோர்ட் தூக்கு விதித்தது.

கைதி அப்பீல் போட்டால்தான் மேல் கோர்ட் பார்க்கும் என்று நானும் நினைத்திருந்தேன். தூக்கில் அப்படி இல்லை. உயர் நீதிமன்றம் உறுதி செய்யாமல் தண்டனையை நிறைவேற்றவே முடியாது. அலகாபாத் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. 2015 மே 15-ல் உச்ச நீதிமன்றமும்.

ஆறே நாளில் செஷன்ஸ் கோர்ட் தூக்கு வாரண்ட் போட்டுவிட்டது! மே 27-ல் உச்ச நீதிமன்றமே அதை ரத்து செய்தது. மறுசீராய்வு மனு போட 30 நாள் அவகாசம் உண்டு. அதற்குப் பிறகு கருணை மனுவும் இருக்கிறது.

"ஏழு பேரைக் கொன்றவர்களுக்கு எதுக்கு இவ்வளவு சலுகை?" என்று கேட்கலாம். அவர்களுடைய மறுசீராய்வு மனு 2020-ல் தள்ளுபடிதான் ஆனது.

ஆனால் மகாராஷ்டிராவில், ஒரு குடும்பத்தில் ஐந்து பேர் கொல்லப்பட்ட 2003 வழக்கைப் பாருங்கள். 2009-ல் ஆறு பேருக்குத் தூக்கு என்றது உச்ச நீதிமன்றம். மறுசீராய்வில் மறுபடி விசாரித்து, 2019-ல் ஆறு பேரையும் விடுதலை செய்தது. தலா 5 லட்சம் இழப்பீடும் கொடுக்கச் சொன்னது.

2009-லேயே ஆறு நாளில் வாரண்ட் போட்டு முடித்திருந்தால், அந்த இழப்பீட்டை யாரிடம் கொடுப்பது?