ஹைபர்நேட்டுக்கு ஹார்ட் டிஸ்க்கில் இடம் எதற்கு?

2022 மார்ச் இறுதியில் இலங்கையில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. வெள்ளவத்தை மாடிவீட்டிலோ கொட்டாஞ்சேனைக் கடையிலோ மடிக்கணினியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவருக்கு, பற்றரி தீருமுன் வேலையைக் காப்பாற்றுவதே பெரும்பாடு.

திறந்திருக்கும் கோப்புகள் எல்லாம் ரேமில்தான் இருக்கின்றன. ரேமின் ஒவ்வொரு பிட்டும் ஒரு நுண்ணிய மின்தேக்கி. அதில் உள்ள மின்னூட்டம் கசிந்துகொண்டே இருப்பதால், ஏறத்தாழ 64 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஸ்லீப் நிலையிலும் இதற்கு மின்சாரம் தேவை. பற்றரி தீர்ந்தால் அத்தனையும் போய்விடும். ஹைபர்நேட் அப்படியல்ல. ரேமில் உள்ளதைச் சுருக்கி டிஸ்க்கில் எழுதிவிட்டு, கணினியை முழுதாக நிறுத்திவிடும்.

பற்றரி சாகும் தறுவாயில் காலி இடம் தேட முடியுமா? அதனால்தான் விண்டோஸ் முன்கூட்டியே இடம் பிடித்து வைக்கிறது. சி டிரைவில் மறைந்திருக்கும் 'ஹைபர்ஃபில்' கோப்பு அதுதான். விண்டோஸ் 10இல் அதன் வழக்கமான அளவு ரேமில் 40 சதவீதம். 16 ஜிபி ரேம் என்றால் சுமார் 6.4 ஜிபி. சுருக்கி எழுதுவதால் முழு அளவு தேவைப்படுவதில்லை. 128 ஜிபி டிஸ்க்கில் இது சின்ன இழப்பல்ல, உண்மைதான். ஆனால் ஹைபர்நேட்டை நிறுத்தினால் கணினியை விரைவாகத் தொடங்கும் வசதியும் போய்விடும்.

யூபிஎஸ் இல்லாத மேசைக் கணினிக்கு, திடீரென மின்சாரம் நின்றால் ஹைபர்நேட் உதவாது. எழுதி முடிக்க மின்சாரம் வேண்டுமே. மடிக்கணினி வைத்திருப்பவர்கள், பற்றரி தீரும் கட்டத்தில் ஹைபர்நேட் ஆகும்படி இன்றே அமைத்துவிடுங்கள்.